அம்மா என்று எழுத யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

அம்மாவை அடக்கம் பண்ணி ஒரு வருஷம் இரண்டு மாதம். இன்னும் தலைமாட்டில் கல் இல்லை. மரச்சிலுவை மழையில் ஊறி, பெயர் மங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. போன ஞாயிறும் நான்தான் அதை நிமிர்த்தி, அடிமண்ணை மிதித்துவிட்டு வந்தேன்.

இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலய வளாகம் அது. மண் அமுங்க ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். சரி, நியாயம். அப்புறம் வந்தது விதிப்பட்டியல். பளபளக்கும் கறுப்புக் கிரானைட் கூடாது, படம் கூடாது, இதய வடிவம் கூடாது, சுற்றிக் கட்டக் கூடாது. திருநெல்வேலிப் பக்கம் கறுப்புக் கல்லும் அதில் சிரிக்கும் முகமும் இல்லாத கல்லறைத் தோட்டம் உண்டா? அதையும் விட்டுக்கொடுத்தோம். மெருகு போடாத சாம்பல் நிறக் கல்லே போதும் என்றோம்.

கேட்டது ஒன்றே ஒன்று. பெயருக்குக் கீழே தமிழில் 'அம்மா'. மூன்றே எழுத்து.

அதற்கு ஆங்கிலத்தில் பொருள் போடுங்கள், இல்லையென்றால் திருச்சபைக்கென்றே உள்ள திருமண்டல நீதிமன்றத்தில் தனி அனுமதி வாங்குங்கள் என்கிறார் பாதிரியார். விண்ணப்பம், கட்டணம், 28 நாள் பொது அறிவிப்பு. பெற்றவளை அம்மா என்று சொல்ல ஊராரின் ஆட்சேபம் கேட்க வேண்டுமா? அதே வளாகத்தில் பழைய கற்களில் மண்டையோடும் எலும்பும் செதுக்கியிருக்கிறது. ஆலயச் சுவரில் லத்தீன். எந்த லத்தீன் வரிக்குக் கீழே பொருள் எழுதியிருக்கிறது?

கோவென்ட்ரிக்குப் பக்கத்தில் எக்சாலில் இதே கூத்துதான் நடந்தது. 'என்றும் எங்கள் இதயங்களில்' என்று ஐரிஷ் மொழியில் எழுதக் கேட்டது ஒரு குடும்பம். மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் அரசியல் கோஷமாகத் தெரியலாம் என்று 2020-இல் திருமண்டல நீதிபதி மறுத்தார். 2021-இல் மேல்முறையீட்டில்தான் அது நடந்தது. 2018-இல் இறந்த தாய்க்கு!

அம்மா இடையன்குடிக்காரி. கால்டுவெல் கட்டிய ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவள். அந்த மனிதர் தமிழைக் கற்று, திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதி, அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். அவர் ஊழியம் செய்த சபையின் மண்ணில் என் அம்மாவுக்கு மூன்று எழுத்துக்கு இடமில்லையாம். நெஞ்சு கொதிக்கிறது.

பொருள் போட மாட்டேன். இங்கே பிறந்த என் மகளுக்குத் தமிழில் எழுத்துக்கூட்டாமல் வாசிக்க வரும் ஒரே சொல் அது. அதையே காரணமாக எழுதி, நேற்று ராத்திரி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன்.