அந்தப் பாட்டியிடம் "எந்த நாடு" என்று கேட்காதீர்கள்

கொல்கத்தாவின் பழைய சீனச் சந்தையான டெரிட்டி பஜாருக்கு ஒரு தம்பி போய்ச் சாப்பிட்டு எடுத்த அந்த வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். கொல்கத்தாவில் இருந்தவன், ரசிப்பேன் என்று நினைத்து அனுப்பியிருப்பீர்கள். முழுதாகப் பார்த்தேன். தூக்கம் போனதுதான் மிச்சம்.

டெரிட்டி பஜார் சாப்பாட்டைப் பற்றி அந்தத் தம்பி சொன்னதில் எனக்குப் பிரச்சினை இல்லை. பன்றிக்கறி பன் பிரமாதம், மீன் உருண்டை சூப் சுமார் என்றார். சரி, அவர் நாக்கு. ஆனால் அலுமினியப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து, ஆவிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு பன் எடுத்துக்கொண்டிருந்த அந்தப் பாட்டியின் மூக்குக்கு நேரே கேமராவை நீட்டி, "நீங்க எந்த நாடு? சீனா பிடிக்குமா, இந்தியா பிடிக்குமா?" என்று கேட்டாரே! பாட்டி வங்காள மொழியில் பதில் சொன்னதும் அப்படி ஒரு சிரிப்பு வேறு. சீன வம்சாவளி என்றாலும் அந்தப் பாட்டி கொல்கத்தாக்காரர். அதற்குமேல் அவர் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில், வாரன் ஹேஸ்டிங்ஸ் கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்தில், டோங் அச்சு என்ற சீன வியாபாரி கொல்கத்தாவை அடுத்த பட்ஜ் பட்ஜ் பக்கத்தில் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை போட்டார். அந்த ஊருக்கு அவர் பெயரிலேயே அச்சிப்பூர் என்று பெயர். இன்றைக்கும் சீனப் புத்தாண்டுக்கு அங்கே போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். பிறகு தென்சீனாவிலிருந்து வந்த ஹக்கா மக்கள் தோல் பதனிட்டார்கள், பென்டிங்க் தெருவில் செருப்புக்கடை வைத்தார்கள். கான்டன் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தச்சு வேலை, ஹூபெய்க்காரர்கள் பல் வைத்தியம். இருநூறு வருடத்துக்கு மேலாக இருப்பவர்களிடம் எந்த நாடு என்று கேட்டால் என்ன சொல்வார்கள்?

"ஜாலியாக் கேட்டதுக்கு ஏன் சார் இவ்வளவு?" என்று நேற்றே ஒரு நண்பர் எழுதிவிட்டார். ஏன் என்றால், அந்தக் கேள்வியை அவர்களிடம் அரசாங்கமே கேட்டிருக்கிறது. 1962-இல் இந்திய-சீனப் போர் வந்ததும் அசாம், ஷில்லாங், டார்ஜிலிங் பக்கமெல்லாம் சீன வம்சாவளிக் குடும்பங்களைக் குழந்தை குட்டிகளோடு பிடித்து, ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். ஏறக்குறைய மூவாயிரம் பேர். போர் ஒரே மாதத்தில் முடிந்தது. சிலர் வெளியே வர 1967 ஆனது. கொல்கத்தாவில் இருந்தவர்களுக்குப் போலீஸ் கெடுபிடி. ஊர் தாண்ட அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பலர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். மன்னிப்பென்று ஒரு வார்த்தை இதுவரை யாரும் கேட்கவில்லை. அந்தப் பாட்டிக்கு அப்போது விவரம் தெரிந்த வயதாக இருந்திருக்கும். அவரிடம் போய் "சீனாவா இந்தியாவா" என்பது ஜாலியா?

இதில் எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்றால், என் அப்பத்தா ரங்கூனில் பிறந்தவர். பர்மாவில் நே வின்னின் ராணுவ ஆட்சியில் கடைகளை அரசுடைமையாக்கி, 1964-இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். தாத்தாவின் கடை போனது, சேமிப்பு போனது, கப்பலேறிச் சென்னை வந்தார்கள். அங்கே அவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். இங்கே வந்தால் தெருவே "பர்மாக்காரங்க வீடு" என்றது. அப்பத்தா பாரிமுனைப் பக்கம் தள்ளுவண்டியில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் போட்டார். வாழைத்தண்டு சூப்பை ஊற்றிக் கொடுக்கும்போது, "ஏம்மா, நீ தமிழா, பர்மாவா?" என்று கேட்பவர்கள் தினம் உண்டு. அவர் எதுவும் சொல்லமாட்டார். காசை எண்ணி வாங்கிக்கொள்வார். ராத்திரி வீட்டுக்கு வந்து எங்கள் அப்பாவிடம் மட்டும், "நான் யாருன்னு இன்னும் எத்தனை பேருக்குடா சொல்றது?" என்பார். வீடியோவில் அந்தப் பாட்டி கடைசியில் கேமராவை விட்டுக் கண்ணை எடுத்துக்கொண்ட இடத்தில் நான் நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன்.

"பஜார் குப்பையாக் கிடக்குதுன்னு உண்மையைத்தானே சொன்னார்?" கிடக்கிறது. அள்ள வேண்டியது மாநகராட்சி, பன் விற்கும் பாட்டி அல்ல. "2020-ல கல்வானில் சீனப் படையோட மோதினப்போ நம்ம வீரர்கள் இருபது பேர் செத்தாங்களே?" செத்தார்கள். அதற்கும் டெரிட்டி பஜாரில் பன் அவிக்கிற பாட்டிக்கும் என்ன சம்பந்தம்? அந்த நேரத்தில் ஒரு மத்திய அமைச்சரே சீன உணவு விற்கும் கடைகளைத் தடை செய்ய வேண்டும் என்றார். கொல்கத்தாவின் இன்னொரு சீனக் குடியிருப்பான டாங்கிராவில் நூடுல்ஸ் விற்றுப் பிழைப்பவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு எப்படி இருந்திருப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அதே டாங்கிராவில் சீனக் காளி கோயிலில் நூடுல்ஸ்தான் பிரசாதம். இன்னும் என்ன செய்தால் நம்மவர் என்பீர்கள்?

வீடியோவால் வியாபாரம் பெருகும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பெருகட்டும், நல்லது. டாங்கிராவின் தோல் தொழிலை 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஊருக்கு வெளியே அனுப்பிய பிறகு அந்தச் சமூகத்துக்குச் சாப்பாட்டுக் கடைதான் பெரிய பிழைப்பு. டெரிட்டி பஜாரிலும் இப்போது சீன முகங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. போங்கள், சாப்பிடுங்கள், பிடித்தால் இன்னும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அதற்காக ஒரு கிழவியை நிற்கவைத்துக் குடியுரிமை விசாரிக்க வேண்டுமா?

அந்தத் தம்பிக்கு நேற்று இரவே எழுதிவிட்டேன், பாட்டி வரும் பகுதியை எடுத்துவிடும்படி. இன்னும் பதில் இல்லை. உங்களில் அவரைத் தெரிந்தவர்கள் இருந்தால் பேசிப் பாருங்கள். எடுக்கும்வரை அந்த வீடியோவை எனக்கு அனுப்பாதீர்கள்.