முகம் காட்டாமல் பேர் வாங்கியவர்

கிளாட் ரெயின்ஸ் ஆஸ்கருக்கு நான்கு முறை பரிந்துரைக்கப்பட்டார். நான்கும் துணை நடிகர் பிரிவில். ஒருமுறைகூடக் கொடுக்கவில்லை. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

1889இல் லண்டனில் பிறந்தவர். சின்ன வயதில் 'ர' வராது. முழுப்பெயர் வில்லியம் கிளாட் ரெயின்ஸ்; அதை 'வில்லி வெயின்ஸ்' என்றுதான் சொல்வாராம். அந்நாளைய பெரிய நாடக நடிகர் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீயின் தியேட்டரில், கதவைத் தட்டி நடிகர்களை மேடைக்குக் கூப்பிடும் எடுபிடிப் பையன். ட்ரீ உதவியதால் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டார். அப்புறம் முதல் உலகப் போர். விஷவாயுவில் ஒரு கண் பார்வை கிட்டத்தட்டப் போயே போயிற்று. திரும்பி வந்து மேடையேறினார், ராடா நாடகப் பள்ளியில் பாடமும் எடுத்தார். பின்னாளில் பெரிய நடிகர்களான ஜான் கீல்குட், சார்லஸ் லாட்டன் எல்லாம் இவரிடம் படித்தவர்கள்.

ஹாலிவுட்டில் முதல் படம் 1933இல், 'தி இன்விசிபிள் மேன்', அதாவது கண்ணுக்குத் தெரியாத மனிதன். வயது 44. படம் நெடுக முகத்தில் கட்டு, கறுப்புக் கண்ணாடி, இல்லாவிட்டால் ஆளே தெரியாது. முகத்தைக் காட்டுவது கடைசியில், செத்த பிறகு, சில நொடிகள். மற்றதெல்லாம் குரல்தான். 'ர' வராத அந்தப் பையனின் குரல்!

என்னைக் கேட்டால் உச்சம் ஹிட்ச்காக்கின் 'நொடோரியஸ்' (1946). மனைவி உளவாளி என்று தெரிந்ததும் ரெயின்ஸ் விடியற்காலையில் அம்மாவின் அறைக்குப் போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்வார். அடி வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சுருண்டுபோன தோள். அம்மாக்காரி நிதானமாக சிகரெட் பற்றவைப்பாள். அந்த ஆள் நாஜிக் கூட்டாளி, தெரியும். இருந்தும் ஹீரோ கேரி கிராண்டைவிட இவர்மேல்தான் மனசு போகிறது. படத்தைத் தாங்குவது ஹீரோதான் என்பவர்கள் இதை ஒருமுறை பார்க்கட்டும்.

அந்த வருட விருது, ராணுவத்தில் இரண்டு கைகளையும் இழந்த ஹரால்ட் ரஸ்ஸலுக்குப் போனது. சரி, அதைக் குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனால் 'காசாபிளாங்கா'? சூதாட்டம் நடக்கிறதா, அதிர்ச்சியாக இருக்கிறதே என்று கிளப்பை மூட உத்தரவு போடுகிறார் போலீஸ் கேப்டனாக வரும் ரெயின்ஸ். அதே நிமிடம் ஊழியர் வந்து அவர் ஜெயித்த பணத்தை நீட்டுகிறார். குரலைத் தாழ்த்தி ஒரு நன்றி. பணம் கைக்கு வந்ததும் எல்லோரும் வெளியே போங்கள் என்று மறுபடி அதட்டல். இதற்குக் கொடுக்காத ஆஸ்கரை வேறு எதற்குத்தான் கொடுப்பார்களாம்?