கத்ரி கோபால்நாத் தஞ்சாவூர்க்காரரா?

"சாக்ஸபோன் சக்கரவர்த்தி கத்ரி கோபால்நாத் தஞ்சை மண்ணின் மைந்தர். ‘டூயட்’ படத்தில் வாசித்துப் புகழ் பெற்ற பிறகே கச்சேரி மேடைக்கு வந்தார்" என்றொரு செய்தி டெல்டா வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இரண்டும் தவறு.

அவர் 1949இல் பிறந்த ஊர் கர்நாடகத்தின் பண்ட்வால் வட்டத்திலுள்ள சஜீப மூடா. தந்தை நாகஸ்வர வித்துவான் என்பதால் காவிரிக்கரையோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள் போலும். நாகஸ்வரம் அதற்குப் பேர்போன தஞ்சைப் பக்கத்துத் திருவாவடுதுறைக்கு மட்டும் சொந்தமா என்ன?

மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர் அவர். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். நாகஸ்வரத்தில் துளையை விரலால் பாதி மூடி, சீவாளியில் (ஊதும் நாணல் துண்டு) காற்றைக் கூட்டிக் குறைத்துக் கமகம், அதாவது ஸ்வரங்களை வளைத்து அசைக்கும் நயம், பிடிக்கலாம். சாக்ஸபோன் துளைகளையோ விசை மூடிகள் அடைக்கின்றன. ஸ்வரங்கள் தனித்தனியாகவே விழும். கருவியில் மாற்றங்கள் செய்து, பல்லாண்டு சாதகத்தால் அந்தத் தடையைக் கடந்தார். கமகம் நிறைந்த தோடி ராகத்தை சாக்ஸபோனில் இழைத்து வாசிப்பது விளையாட்டல்ல.

1980இலேயே பம்பாய் ஜாஸ் விழாவில் வாசித்துவிட்டார். ‘டூயட்’ வெளிவந்தது 1994இல். அதே ஆண்டுதான் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பிபிசி பிராம்ஸ் இசை விழாக் கச்சேரியும் நடந்தது. படம் அவரைத் தெருமுனை டீக்கடை வரை கொண்டுசேர்த்தது உண்மை; மேடை அதற்கு முன்பே அவருடையது.