எல்லாருக்கும் எப்படிங்க 9.8 வரும்?

வகுப்பு முழுக்க ஊசல் ஆட்டிக்கொண்டிருக்கிறது. ஒருத்தன் நூல் முறுக்கிக்கொண்டு குண்டு வட்டமடிக்கிறது. ஒருத்தியின் ஸ்டாப் வாட்ச் அமுக்கினாலும் நிற்க மாட்டேன் என்கிறது. இன்னொருத்தன் பதினாலாவது அலைவில் பக்கத்து மேசையில் நடந்த சண்டையை வேடிக்கை பார்த்து எண்ணிக்கையைக் கோட்டைவிட்டான். ஆனால் ரெக்கார்ட் நோட்டைத் திறந்தால் அத்தனை பேருக்கும் ஜி மதிப்பு, அதாவது ஊசல் ஆடும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுகிற புவியீர்ப்பு முடுக்கம், 9.8. பேருக்குக்கூட ஒரு 9.5 கிடையாது. அது எப்படிங்க?

எப்படி என்று நமக்கெல்லாம் தெரியும். 'முடிவு' என்கிற இடத்தில் 9.8 என்று முதலில் எழுதுவோம். அங்கிருந்து மேலே ஏறிப் போய் அட்டவணையை நிரப்புவோம். நீளம் 100 சென்டிமீட்டரா? அப்போ 20 அலைவுக்கு 40 வினாடி சொச்சம் வரணும். சரி, ஒரு தடவை 40.1, இன்னொரு தடவை 40.2, சராசரி ரெடி. எல்லாம் ஒழுங்காக இருந்தால் சார் சந்தேகப்படுவார் என்று நடுவில் ஒரு 40.3 போட்டு வைக்கிற கலைஞர்களும் இருந்தார்கள். அவ்வளவு மூளையையும் பொய்க்கணக்கு எழுதவே செலவழிக்க வைத்தார்கள் பாருங்கள், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ஏனென்றால் விஷயமே தப்பாக வந்த விடைகளில்தான் இருந்தது. குண்டை விடும்போதே 'ஒன்று' என்று எண்ண ஆரம்பித்தவன் இருபது என்று முடிக்கும்போது உண்மையில் நடந்தது 19 அலைவுதான். அவனுக்கு ஜி கிட்டத்தட்ட 10.9 வரும். 'பூஜ்யம்' என்று தொடங்கணும் என்பதை ஆயுசுக்கும் மறக்காமல் இருக்க அந்த ஒரு 10.9 போதாதா? குண்டின் நடுப்புள்ளி வரை அளக்காமல் கொக்கியோடு நிறுத்தியவனுக்கு, அரை மீட்டர் ஊசலில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலே 9.6 ஆகிவிடும். ஊஞ்சல் ஆட்டுகிற ஆசையில் 60 டிகிரிக்கு இழுத்துவிட்ட மகானுக்கு 8.5. 'சிறு கோணத்தில் ஆட்டவும்' என்று புத்தகம் ஏன் கெஞ்சுகிறது என்று அவனுக்குத்தான் புரிந்திருக்கும். மூன்று பேருக்கும் கிடைத்த பதில் என்ன? "தப்பு, அழிச்சுட்டு எழுது."

இதில் கொடுமை, அந்த 9.8-ஏ எல்லா ஊருக்கும் ஒன்று கிடையாது. நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83. பூமிக்கே இருக்கிற சலுகை எங்களுக்கு இல்லை.

வேதியியல் லேப் இன்னும் மோசம். உப்பைக் கையில் கொடுத்து, அது என்ன என்று படிப்படியாகச் சோதித்துக் கண்டுபிடி என்பார்கள். நீலமாக இருந்தால் காப்பர் என்று குழாயில் போடுவதற்கு முன்பே பெஞ்ச் முழுக்கச் செய்தி பரவிவிடும். அப்புறம் ஒன்றுமே தெரியாத அப்பாவி போல நாலு பக்கத்துக்கு 'சோதனை, காண்பவை, அறிவது' என்று எழுதணும். நிறம் மாறும்வரை ப்யூரெட் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிற டைட்ரேஷனில் ஒரு சொட்டு கூடி ரோஜா நிறம் குங்குமமாகிப் போனாலும் ப்யூரெட் அளவு மட்டும் 20.0, 20.0, 20.0. உயிரியலில் மைக்ராஸ்கோப் வழியாக வெங்காயத்தோலைப் பார்த்து வரையச் சொன்னார்கள். பாதிப் பேர் பார்த்தது கறுப்புக் கரை கட்டிய காற்றுக்குமிழி. வரைந்தது புத்தகத்தில் இருந்த படம்.

கணக்கு வகுப்பாவது சுத்தம் என்கிறீர்களா? ஒரு தடவை புத்தகத்தின் பின்பக்க விடையிலேயே அச்சுப்பிழை. எங்கள் வகுப்பில் அநேகம் பேர் அந்தத் தப்பான விடைக்குப் படிப்படியாக வழி கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள்! கழித்தல் குறி ஒருத்தர் நோட்டில் மூன்றாம் வரியில் காணாமல் போனது, இன்னொருத்தர் நோட்டில் ஐந்தாம் வரியில். சரியாகப் போட்ட ஒரு பெண் மட்டும் விடை பொருந்தவில்லையே என்று அழுதுகொண்டிருந்தாள். வாத்தியார் அவள் நோட்டில்தான் சிவப்பு மையால் சுழித்தார்.

பையன்கள் அப்படித்தான், பெரிய விஞ்ஞானிகள் இப்படிச் செய்வார்களா என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பட்டாணிச் செடிகளை வைத்து மரபு விதிகளைக் கண்டுபிடித்த மெண்டலின் கணக்கு எதிர்பார்த்த விகிதத்தோடு அளவுக்கு மீறி ஒத்துப்போகிறதே என்று 1936-ல் ஃபிஷர் என்ற புள்ளியியல் மேதை சந்தேகத்தைக் கிளப்பினார். என்ன வரணும் என்று நன்றாகத் தெரிந்த உதவியாளர் யாரோ மெண்டலை ஏமாற்றியிருக்கலாம் என்பது அவர் ஊகம். அந்த வாதம் பல காலம் ஓடியது. அது கிடக்கட்டும், அந்த உதவியாளர் நிச்சயம் எங்கள் வகுப்புக்காரர்தான்.

மில்லிகன் என்ற இயற்பியல்காரர் கதை இன்னும் ருசி. எண்ணெய்த் துளிகளை வைத்து எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தார், 1923-ல் நோபல் பரிசும் வாங்கினார். காற்றின் பாகுநிலைக்கு, அதாவது விழுகிற துளியைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு, அவர் எடுத்த எண் சற்றே பிசகு, அதனால் விடை கொஞ்சம் குறைந்துவிட்டது. பின்னால் அளந்தவர்கள் நேராகச் சரியான எண்ணுக்குப் போனார்களா? இல்லை, பயந்து பயந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறினார்கள். மில்லிகனைவிட ரொம்ப அதிகமாக வந்தால் எங்கே தப்பு என்று தோண்டித் துருவுவது, அவர் எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அப்படியே விட்டுவிடுவது. இதை ஃபைன்மன் என்ற இயற்பியல் மேதை 1974-ல் அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனப் பட்டமளிப்பு விழாவில் போட்டு உடைத்தார். நாங்கள் செய்ததும் அதேதான். அவர்களுக்குப் பட்டம், எங்களுக்கு ரெக்கார்டில் கையெழுத்து.

இத்தனை வருஷத்தில் இதெல்லாம் மாறியிருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் அண்ணன் மகன் நோட்டோடு வந்து, "சித்தப்பா, இதுல என்ன வரணும்?" என்கிறான்.

"உனக்கு என்னடா வந்தது?"

அப்படி ஒரு கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதே இல்லை போல. திருதிருவென்று விழித்தான். அப்புறம் ரஃப் நோட்டின் மூலையில் பென்சிலால் எழுதி, அதன்மேல் கிறுக்கி வைத்திருந்த எண்ணைக் காட்டினான். 10.8. எண்ணும்போது எதில் ஆரம்பித்தாய் என்று கேட்டேன். "ஒண்ணு" என்றான். பத்து விநாடி போனது, "அய்யோ!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தான். அந்த ஒரு 'அய்யோ'வுக்காகத்தானே ஐயா லேப் கட்டி வைத்திருக்கிறீர்கள்? "இதையே எழுது, ஏன் வந்தது என்றும் எழுது" என்றேன். "மார்க் போயிடும் சித்தப்பா" என்று 9.8 எழுதிக்கொண்டு போய்விட்டான். அவனை என்ன சொல்ல?

ரெக்கார்ட் நோட்டில் நோக்கம், தேவையான கருவிகள், சூத்திரம், முடிவு என்று வரிசையாகத் தலைப்பு இருக்கிறதே, அதற்குக் கீழே 'ஏன் இப்படி வந்தது?' என்று இன்னொன்று சேருங்கள். அதற்குப் பாதி மார்க் போடுங்கள். எங்கிருந்து எடுப்பது என்று யோசிக்க வேண்டாம், கருவிகள் பட்டியலை அழகான கையெழுத்தில் காப்பியடித்ததற்குக் கொடுக்கிறீர்களே, அதிலிருந்தே எடுங்கள்.