சாகித்ய அகாதமி பாட்டுக்கு அல்ல, நாவலுக்கு

கண்ணதாசனுக்கு சாகித்ய அகாதமி கிடைத்ததே சினிமாப் பாட்டுகளுக்காகத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு விருதுகள் கலந்துவிட்டன. 1980-இல் அகாதமி விருது பெற்றது 'சேரமான் காதலி' என்ற அவருடைய வரலாற்று நாவல். பாட்டுக்குக் கிடைத்தது தேசிய விருது, 'குழந்தைக்காக' படத்துக்கு. சிறந்த பாடலாசிரியர் என்ற அந்த விருதை நாட்டிலேயே முதலில் வாங்கியவர் அவர்தான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன சிறுகூடல்பட்டிப் பையன்! 1949-இல் 'கன்னியின் காதலி'க்கு எழுதிய முதல் பாட்டே 'கலங்காதிரு மனமே' என்றுதான் தொடங்கும். கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அப்புறம், கடைசிப் பாட்டு 'கண்ணே கலைமானே' என்றீர்களே, அது சரி. 1982-இல் 'மூன்றாம் பிறை' திரைக்கு வந்தபோது அவர் இல்லை. 1981 அக்டோபர் 17-இல் சிகாகோவில் காலமாகிவிட்டார்.