அஞ்சாவது கியர் விழுந்தா அது ஆர்.எக்ஸ்.100 இல்லடா

கும்பகோணத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினால் போதும். எங்கிருந்தோ ஒருத்தன் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து சைலன்சரைத் தடவிப் பார்ப்பான். எழுந்து உதட்டைப் பிதுக்கி, "இது ஒரிஜினல் இல்லண்ணே" என்பான். இந்த வண்டி ரோட்டுக்கு வந்தபோது அவன் பிறக்கவே இல்லை.

1993இல் அப்பா வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ்.100. டி.என்.49, தஞ்சாவூர்ப் பதிவு. குறுவைக்கு யூரியா மூட்டை, நடவுக்கு ஆள் சொல்லிவர ஊர் ஊராக அலைச்சல், அக்கா கல்யாணத்துக்கு வாழை இலைக்கட்டு, எல்லாம் இதில்தான். அரசலாற்றங்கரையில் மணல் லாரிக்கு ஒதுங்கப் போய்ச் சரிந்ததில் சைலன்சர் நசுங்கியது. ஊரில் கிடைத்ததை வாங்கி மாட்டினார். முன் மட்கார்டு துருப்பிடித்தது, அதையும் மாற்றினார். பின்னே, சைலன்சர் கேட்டு ஜப்பானுக்குக் கடுதாசி போட்டுவிட்டு வரப்பில் நடந்திருக்க வேண்டுமா?

இந்த ஜப்பான் கதை இருக்கிறதே, அது தனி எரிச்சல். 1985 நவம்பரில், யமஹாவோடு கைகோத்த நம்மூர் எஸ்கார்ட்ஸ் கம்பெனி இந்த வண்டியை இறக்கியபோது முதலில் வந்தவற்றை ஜப்பான் பாகங்களை வரவழைத்துத்தான் கோத்தார்கள். அது நிஜம். அப்புறம் 1996 வரை இங்கேயே செய்தார்கள். ஆனால் எங்கள் பக்கம் விலைக்கு வருகிற வண்டி ஒன்று விடாமல் "ஜப்பான் இன்ஜின்ணே"! 95இல் பதிவானதற்கும் அதே பாட்டு. கேட்டால், நாகப்பட்டினத்தில் கப்பல் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது என்பார்கள் போல.

போன மாதம் மயிலாடுதுறைப் பக்கம் ஒரு வண்டியைப் பார்க்க நண்பன் இழுத்துக்கொண்டு போனான். "கை படாத பீஸ்" என்றார் விற்கிறவர். மயில் நீலத்தில் டேங்க், ஸ்டிக்கர் எல்லாம் பளபள. விலை ஒன்றரை லட்சம். சரி, ஓட்டிப் பார்ப்போம் என்று எடுத்தேன். நாலாவது கியர் போட்டுக் காலைத் தட்டினால் இன்னொன்று விழுகிறது! ஆர்.எக்ஸ்.100க்கு மொத்தமே நாலு கியர்தான் ஐயா. 98 சிசி, 11 குதிரைத்திறன். அஞ்சு கியர், பிற்பாடு வந்த ஆர்.எக்ஸ்.135 வண்டிகள் சிலவற்றில். ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தேன், அதிலும் 135 என்றே இருக்கிறது. 135இன் மேல் 100இன் டேங்கைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். அந்த மனுஷர் கூசாமல் சொல்கிறார்: "இன்ஜின்தாண்ணே வேற, லுக்கு பக்கா ஒரிஜினல்." சுற்றி நின்ற நாலு பேர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறார்கள். என் சைலன்சருக்கு உதடு பிதுக்குகிற அதே கூட்டம்!

135 மட்டமான வண்டி என்று நான் சொல்லவில்லை. நல்ல வண்டிதான். அதன் பேரிலேயே விற்றுத் தொலையுங்களேன்.

ஆர்.சி. புதுப்பிக்கப் போனால் சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். என் வண்டியில் அந்த நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யில் இருப்பவைதான். இன்ஜினுக்குத் தானாக ஆயில் ஊட்டுகிற ஆயில் பம்பு இன்றைக்கும் ஓடுகிறது. எனக்குப் பாடம் எடுக்கிறவர்களில் பாதிப் பேர் பம்பை அடைத்துவிட்டுப் பெட்ரோலிலேயே ஆயிலை ஊற்றிக் குலுக்கி ஓட்டுகிறவர்கள். மீதிப் பேர் சத்தம் வரட்டும் என்று சைலன்சரின் உள்குழாயை உருவிப் போட்டவர்கள். இவர்கள் சர்டிபிகேட் கொடுக்க, நான் கை கட்டி வாங்க வேண்டுமாம்.

ஒரு இன்டிகேட்டருக்காக வருஷக்கணக்கில் பழைய சாமான் கடைகளில் அலைகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் மேல் மரியாதைதான். அவர்கள் யாரும் டீக்கடையில் அடுத்தவன் வண்டியைக் குனிந்து பார்ப்பதில்லை.

நேற்று ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்துவிட்டது. நாளைக் காலையில் மெக்கானிக்கிடம் விடுகிறேன். எந்தக் கம்பெனிக் கேபிள் கடையில் இருக்கிறதோ, அதைத்தான் மாட்டப் போகிறேன். குனிந்து பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும்.