சொன்ன நேரத்துக்கு வாருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாப்பாவின் அப்பா போட்ட அந்த ஸ்டேட்டஸை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் இதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருப்பார்கள். எனக்கே நாலு பக்கத்திலிருந்து வந்தது. பாப்பா பிறந்த புதிதில் எடுத்த போட்டோ. அதற்குக் கீழே, பெற்ற மகளைப் பார்க்க முடியாத அப்பனின் வேதனை யாருக்குப் புரியும் என்று ஒரு வரி. அதைப் பார்த்துவிட்டு என் பெரியம்மா போன் பண்ணி, "ஏங்கண்ணு, உங்களுக்குள்ள ஆயிரம் இருக்கட்டும், பெத்த அப்பனுக்குப் புள்ளையக் காட்டறதுல உனக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டார். பெரியம்மா கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அந்த ஞாயிறு அவர் வர வேண்டிய ஞாயிறு. ஒன்று விட்டு ஒரு ஞாயிறு, காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை, கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டில். இது நான் போட்ட கட்டளை இல்லை. பரஸ்பர விவாகரத்துக்குக் கொடுத்த மனுவிலேயே எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டது. அன்றைக்கு அவர் வரவில்லை. வரவில்லை என்று சொல்லவும் இல்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல், "ஷிப்மென்ட் டென்ஷன், அடுத்த வாரம் பாக்கலாம்" என்று ஒரு மெசேஜ். சாயங்காலம் ஸ்டேட்டஸ்.

நான் தடுக்கவில்லை. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன். கதவு திறந்துதான் இருக்கிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. வருகிறேன் என்று சொன்னால் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். வர முடியாவிட்டால் முந்தின நாள் ராத்திரிக்குள் சொல்லிவிட வேண்டும். இது அதிகமா?

"பச்சக் குழந்தைக்கு என்ன தெரியப் போகுது, ஞாயித்துக்கிழமைன்னா என்னன்னு அதுக்குத் தெரியுமா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தெரியாதுதான். ஆனால் அவளுக்குத் தூக்கம் தெரியும், பசி தெரியும். பாப்பாவுக்கு ஒன்றேகால் வயது. இரண்டு பகல் தூக்கம் ஒன்றாகக் குறைந்துகொண்டிருக்கிற பருவம் இது. காலையில் ஏழு மணிக்கு எழுந்தால் பன்னிரண்டுக்கு மேல் தாங்க மாட்டாள். அப்பா வருகிற நாளில், வந்ததும் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் அவருக்கு வருத்தமாக இருக்குமே என்று நாங்கள்தான் தூக்கத்தைத் தள்ளிப் போடுகிறோம். இப்போது வந்துவிடுவார், திருப்பூரில் கிளம்பிப் பெருமாநல்லூர் தாண்டியிருப்பார், குன்னத்தூரில் டீ குடிக்க நிறுத்தியிருப்பார் என்று நானும் அம்மாவும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே ஒரு மணி ஆகிவிடும். அதற்குள் குழந்தை கண்ணைக் கசக்கி, தலையைத் தரையில் முட்டி அழ ஆரம்பித்துவிடும். தூக்கம் கெட்டால் சோறு இறங்காது. அன்றைக்கு ராத்திரி முழுக்க நான்தான் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறேன். திங்கட்கிழமை காலையில் ஆபீஸ். இந்தப் பக்கம் எந்த ஸ்டேட்டஸிலும் வராது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுதான் ஊருக்குள் பெரிய பேச்சாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் அவர் வந்தது ஒரு மாதத்துக்கும் மேல் இடைவெளி விட்டு. வந்தவுடன் செருப்பைக் கழற்றின கையோடு பாப்பாவைத் தூக்கினார். அவள் வீறிட்டு அழுதாள். உடம்பை வில்லாக வளைத்து என்னிடம் தாவினாள். அவர் முகம் அப்படியே சுண்டிவிட்டது. எனக்கே வெசனமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் உறவுக்காரர்களிடம் அவர் சொன்னது என்ன? "புள்ளைக்குச் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கா."

ஒன்றேகால் வயதுக் குழந்தைக்கு ஒருவர்மேல் வெறுப்பைச் சொல்லிக் கொடுக்க எந்தத் தாயாலும் முடியாதுங்க. எட்டு மாதம் வாக்கில் குழந்தைகளுக்கு இந்தப் பயம் ஆரம்பிக்கும். பழகின முகம் எது, பழகாத முகம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிடும். அம்மா கண்ணில் படாமல் போனாலும் எங்கேயோ இருக்கிறாள் என்பது புரியத் தொடங்கும், ஆனால் எப்போது திரும்பி வருவாள் என்று தெரியாது. அதனால் அழுகிறார்கள். பத்து மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரைக்கும் இது உச்சத்தில் இருக்கும். எந்தக் குழந்தை டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். பெங்களூரிலிருந்து என் தம்பி வந்தபோதும் பாப்பா இதே மாதிரிதான் அழுதாள். தம்பிக்கு எதிராகவும் நான் சொல்லிக் கொடுத்தேனா? அவன் ஒன்றும் பண்ணவில்லை. அவளைத் தூக்காமல் தரையில் உட்கார்ந்து செல்போன் டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தான். கால் மணி நேரத்தில் அவளாகவே தவழ்ந்து போய் அந்த டப்பாவைப் பிடுங்கினாள்.

இந்த வயதுக் குழந்தைக்கு மாதத்துக்கு ஒரு நாள் முழுக்க வந்து இருப்பதைவிட, வாரத்துக்கு இரண்டு தடவை அரை மணி நேரம் வந்துவிட்டுப் போவது நல்லது. அடிக்கடி பார்க்கிற முகம்தான் மனதில் நிற்கும். இதை அவரிடம் பொறுமையாகச் சொன்னேன். புதன்கிழமை சாயங்காலமும் வாருங்கள், கோர்ட் பேப்பரில் இல்லாவிட்டால் பரவாயில்லை என்றேன். "பாக்கலாம்" என்றார். இன்னும் பார்க்கவில்லை.

சரி, ஷிப்மென்ட். திருப்பூரைப் பற்றி என்னிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, ஆர்டரைச் சொன்ன தேதிக்கு முடிக்க வைக்கிற வேலையில் இருந்தவள் நான். ஷிப்மென்ட் வாரத்தில் ஞாயிறும் கிடையாது, ராத்திரியும் கிடையாது என்று தெரியும். செக்கிங்கில் பீஸ் திரும்பி வந்தால், பேக்கிங் டேபிளிலேயே விடியும். அதனால்தான் கேட்கிறேன். டையிங்கிலிருந்து துணி வர ஒரு நாள் தள்ளிப் போனால் அன்றைக்கே பையருக்கு, சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரருக்கு, மெயில் போகிறதா இல்லையா? தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டால் சரக்கை ஏர்ல அனுப்ப வேண்டும், அந்தச் செலவு கம்பெனி தலையில்தான் விழும் என்று எல்லோரும் பயப்படுகிறார்களா இல்லையா? தேதிக்கு என்ன மதிப்பு என்று அந்த ஊரில் பத்து வருடம் வேலை பார்த்தவருக்குத் தெரியாமல் இருக்காது. பார்த்தே இராத பையருக்கு முன்கூட்டியே தகவல் சொல்லத் தெரிகிறது. பெற்ற பிள்ளைக்கு, "நாளைக்கு வர முடியாதுங்க" என்று இரண்டு வார்த்தை தட்ட முடியவில்லை. இதில்தான் எனக்கு மனது விட்டுப்போகிறது.

எங்கள் அப்பா லாரி ஓட்டினவர். வடநாட்டு லைன். போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் எங்கள் வீட்டில் போன் இல்லை, பக்கத்து வீட்டுக்குத்தான் வரும். நாக்பூரிலிருந்து, சில சமயம் அதற்கும் மேலே எங்கேயோ இருந்து, எஸ்டிடி பூத்தில் வரிசையில் நின்று கூப்பிடுவார். நான் ஓடிப்போய் எடுத்து, "எப்பங்ப்பா வருவீங்க?" என்று கேட்டால், தெரிந்தால் தேதி சொல்வார். தெரியாவிட்டால், "லோடு எறக்கட்டும் சாமி, ரிட்டன் லோடு கெடச்சதும் சொல்றேன்" என்பார். பிள்ளை ஆசையாகக் கேட்கிறதே என்று வாய்க்கு வந்த ஒரு தேதியை ஒரு நாளும் சொன்னதில்லை. தீபாவளிக்கு வர முடியாத வருடம் உண்டு. அதையும் முன்னாலேயே சொன்னார். நான் அழுதேன், அப்புறம் பட்டாசு வெடிக்கப் போய்விட்டேன். அப்பா இல்லாத நாட்கள்தான் என் சின்ன வயதில் அதிகம். இருந்தும் அப்பா ஏமாற்றினார் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றினதில்லை. ஆகவே தூரம், வேலை, நேரமில்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள். அதையெல்லாம் நான் அப்பாவிடமே பார்த்தாகிவிட்டது.

சட்டம் தெரிந்த சிலர் எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். எனக்கும் கொஞ்சம் தெரியும். 1956ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டத்தில், ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அப்பாவை விரட்ட நான் கிளம்பவில்லை. குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்று அதே சட்டமே சொல்கிறது. 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், தாய் தகப்பன் இருவரின் அன்பையும் பெறுவது குழந்தையின் உரிமை, நேரில் பார்க்க முடியாதவர்கள் வீடியோ காலிலாவது பேச வழி இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதையும் செய்து பார்த்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஏழு மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் வீடியோ காலில் வாருங்கள், பாப்பா தெளிவாக இருப்பாள் என்றேன். கால் வருவது ராத்திரி பத்தரைக்கு. குழந்தை தூங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். எழுப்ப மாட்டேன் என்றால், "பாத்தியா, காட்ட மாட்டேங்கறா."

அது குழந்தையின் உரிமை என்றால், அவள் அப்பா வருவாரா மாட்டாரா என்பதில் அவளுக்கும் ஒரு நிச்சயம் வேண்டாமா?

"அவரு பணம் குடுக்கறாருல்ல" என்கிறார்கள். கொடுக்கிறார், சில மாதம் முன்னப் பின்ன. நான் குறை சொல்லவில்லை. ஆனால் பணம் தருவது வேறு, பிள்ளையை வந்து பார்ப்பது வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து தப்பிக்க முடியாது. எங்கள் பக்கத்திலேயே ஒருவர், "பணம் வராத மாசம் புள்ளையக் காட்டாத, தானா வழிக்கு வருவாரு" என்று எனக்கு யோசனை சொன்னார். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். பணம் வராவிட்டால் கேட்க கோர்ட் இருக்கிறது, ஜீவனாம்சத்துக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்காகக் குழந்தையைப் பிடித்து வைத்துக்கொள்ள மாட்டேன். இதை அவர் பக்கத்து ஆட்கள் யாராவது ஒரு தடவையாவது பேசியிருக்கிறீர்களா?

நீயே திருப்பூருக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாமே என்பவர்களுக்கு: போனேன். நல்ல வெயில் காலத்தில், பால் பாட்டிலும் மாற்றுத் துணியும் சுமந்துகொண்டு பஸ்ஸில். சொன்ன இடத்தில் குழந்தையோடு உட்கார்ந்து காத்துக்கிடந்தேன். வந்தார், ரொம்ப நேரம் கழித்து. வந்ததும் செல்ஃபி எடுத்துக்கொண்டார், போன் வந்தது, கிளம்பிவிட்டார். இனி அந்த மாதிரிப் போக மாட்டேன்.

ஈகோ என்கிறவர்களுக்குப் பதில் கிடையாது.

குடும்ப விஷயத்தை முகநூலில் எழுதலாமா என்றும் கேட்பீர்கள். ஸ்டேட்டஸ் போட்டவரிடம் அதைக் கேட்டீர்களா? ஒன்பதாம் மாதத்து மீசில்ஸ் ரூபெல்லா ஊசிக்கு வருகிறேன், நானே தூக்கி வைத்துக்கொள்கிறேன் என்று அவராகத்தான் சொன்னார். அந்தப் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களுக்குப் பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னால் போகச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அம்மாதான் பாப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டார். அப்போது நான் ஒரு வரியும் எழுதவில்லை. அம்மா இன்றைக்கும் அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமை என்றால் விடியற்காலையில் எழுந்து கோழிக்குழம்பு வைக்கிறார். வீட்டுக்கு வந்த மனுசன் வெறும் வயிற்றோடு போகக் கூடாதாம். பிரிந்த பிறகும். அந்தக் குழம்பு ராத்திரி வரைக்கும் அடுப்படியில் அப்படியே இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருகிற கோபத்தைப் பெரியம்மாவிடம் எப்படிச் சொல்வது?

இப்போது காதுகுத்து நிற்கிறது. மொட்டை அடித்துக் காது குத்துவது அவர்கள் குலதெய்வம் கோயிலில்தான் நடக்க வேண்டும், அந்த முறையை நான் மாற்றச் சொல்லவில்லை. தம்பி தோடு எடுத்து வைத்துவிட்டான், மடியில் உட்கார வைத்துக்கொள்ள அவன் தயார். தேதி மட்டும் அவர்கள் பக்கத்திலிருந்து வர வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்கிறேன். "பாக்கலாம்", "சொல்றேன்", "பங்காளிகளக் கேக்கோணும்". ஒன்றரை வயதாகப் போகிறது குழந்தைக்கு, கொஞ்ச நாளில் அவள் கையை இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கும். நடத்த மனமில்லை என்றால் அதையாவது வாயைத் திறந்து சொல்லட்டும். எங்கள் கோயிலில் நாங்கள் வைத்துக்கொள்கிறோம். அப்போதும் அழைப்பு வரும், வரிசையில் அவருக்கு இடம் இருக்கும்.

அவருக்கு இனி நான் சொல்லப் போவது இதுதான். ஒன்பது மணி என்றால் ஒன்பதரை வரைக்கும் பார்ப்பேன். முந்தின நாள் தகவல் இல்லாமல் அதற்கு மேல் ஆனால் குழந்தையின் அன்றைய நாள் அதன் போக்கில் போகும். தூங்குகிற நேரத்துக்குத் தூங்குவாள். அடுத்த முறை ஞாயிறில் மறுபடி ஒன்பது மணிக்குக் கதவு திறந்திருக்கும். எத்தனை தடவை வராமல் போனாலும் அடுத்த தடவையும் திறந்திருக்கும்.

அத்தை, நீங்கள் முகநூல் பார்ப்பதில்லை என்று தெரியும், நங்கையா படித்துக் காட்டுவார். பேத்தியைக் கண்ணில் காட்டவில்லை என்று நீங்கள் குன்னத்தூர்ச் சந்தையில் யாரிடமோ அழுததாகக் கேள்விப்பட்டேன். உங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க. உங்கள் மகனுக்காகக் காத்திருக்க வேண்டாம். கோபி பஸ் ஏறினால் நேராக வந்துவிடலாம், பஸ் ஸ்டாண்டுக்கு அப்பா வண்டி எடுத்துக்கொண்டு வருவார். எந்த நாளானாலும் சரி, முந்தின நாள் ஒரு போன் மட்டும் பண்ணிவிடுங்கள். பன்னிரண்டு மணிக்கு முன்னால் வந்தால் பாப்பா முழித்திருப்பாள்.